காலித் துப்பாக்கி என்று ஒன்று உண்டா?

வாசகர் கேள்வி, ஜனவரி 11, இரவு 9.40

"தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டேன். சுடாமல் தடுக்கும் சேஃப்டி போட்டாயிற்று. பெட்டியில் வைக்கப் போகும் நேரத்தில் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் இருக்கும் பெரியவர் வந்து, பிஸ்டலின் மேலே நகரும் ஸ்லைடைத் திறந்து காட்டு என்கிறார். மூன்று வருடமாகச் சுடுகிறவனைப் பார்த்து இப்படிக் கேட்பது அவமானம் இல்லையா? காலித் துப்பாக்கி வெறும் இரும்புத் துண்டு. அதற்கு எதற்கு இத்தனை சடங்கு?"

ஜனவரி 11, இரவு 10.25

தம்பி, இதில் அவமானம் எங்கிருந்து வந்தது? முப்பது வருடம் சுட்டவர் வந்தாலும் அந்தப் பெரியவர் அதையேதான் கேட்பார். என்னிடமும் கேட்பார், காட்டுவேன். அவர் துப்பாக்கியை நான் கையில் வாங்கினால் நானும் திறந்து பார்ப்பேன். ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்தான் எனக்கு உறுத்துகிறது. "காலி." மேகசினைக் கழற்றினால் மேகசின் போய்விட்டது, அவ்வளவுதான். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடமான சேம்பருக்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லையே.

ஜனவரி 11, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. சொல்லாமல் படுத்தால் வராது போலிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

நான் சுட ஆரம்பித்து இரண்டாவது வருடம். கையில் பாயிண்ட் டூ டூ, அதாவது 0.22 அங்குலக் குழல்விட்டம் கொண்ட பிஸ்டல். பயிற்சி முடிந்து எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றியாயிற்று. நான் ஸ்லைடை இழுத்தேன். சேம்பரில் இருந்த தோட்டா துள்ளி மேசையில் விழுந்து உருண்டது. அதைக் கண்ணால் பார்த்தேன், கையால் எடுத்து டப்பாவில் போட்டேன். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினேன். செய்ய வேண்டிய இரண்டையும் செய்துவிட்டேன் என்று மனசு சொன்னது. ஸ்பிரிங் தளரட்டும் என்று டிரிகரை அழுத்தினேன்.

வெடித்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான் என் நண்பன். குண்டு மேசையின் மரக்காலில் இறங்கியிருந்தது. அவன் பாதத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. காதில் கொய்ங் என்ற சத்தம் மட்டும் நின்றது. யாரும் திட்டவில்லை. ரேஞ்ச் ஆபீசர் வந்து என் கையிலிருந்து பிஸ்டலை மெதுவாக வாங்கினார், திறந்தார், பார்த்தார், மேசையில் வைத்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நண்பன் நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவனாகவே வந்து, "வா, சேர்ந்து கிளீன் பண்ணலாம்" என்றான். அந்த வார்த்தையை இன்றுவரை மறக்கவில்லை.

எங்கே தப்பு என்று புரிகிறதா? வரிசையில். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தேன். பின்னால் போன ஸ்லைடு ஒரு தோட்டாவை வெளியே தள்ளியது. முன்னால் திரும்பி வரும்போது மேகசினின் மேல் தோட்டாவை நெட்டிக்கொண்டு போய்ச் சேம்பரில் உட்காரவைத்தது. அது அதற்கென்று செய்யப்பட்ட வேலை, அதைச் சரியாகவே செய்தது. அதற்கப்புறம் மேகசினைக் கழற்றி என்ன பயன்?

ஜனவரி 12, காலை 6.30

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த நாள் அந்த ரேஞ்ச் ஆபீசர் மருந்தில்லாத டம்மி தோட்டாக்களைக் கொடுத்து நூறு தடவை செய்யச் சொன்னார். குழல் குறியைப் பார்த்தபடி. விரல் டிரிகருக்கு வெளியே. மேகசின் வெளியே. ஸ்லைடை இழு, பின்னாலேயே நிறுத்து. சேம்பரைப் பார். பார்த்தது போதாது, சுண்டுவிரலை விட்டுத் தடவு. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து "காலி" என்று சொல்லலாம். நாற்பதாவது தடவையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நூறும் முடிந்த பிறகுதான் அனுப்பினார்.

விரலால் தடவுவது ஏன் என்று கேட்பீர்கள். கண் தான் எதிர்பார்ப்பதைப் பார்க்கும். இரண்டு மணி நேரம் குறிபார்த்துச் சோர்ந்த கண்ணுக்கு, மங்கிய வெளிச்சத்தில் பித்தளை விளிம்பு இரும்பின் பளபளப்பாகத் தெரியும். விரல் அப்படி ஏமாறாது.

ஜனவரி 12, பகல் 1.10

"சேஃப்டி போட்டிருக்கிறதே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

சேஃப்டி ஒரு சின்ன இயந்திரப் பாகம். தேயும், அழுக்குப் பிடிக்கும், பாதி வழியில் நின்றுவிடும். சில பிஸ்டல்களில் கட்டைவிரலால் போடும் சேஃப்டியே கிடையாது. கிளாக் என்ற பிஸ்டலில் டிரிகரிலேயே ஒரு நாக்கு இருக்கும், விரல் பட்டால் அதுவும் விலகிவிடும். பிரவுனிங் ஹை-பவர் என்ற இன்னொரு பிஸ்டலில் மேகசின் இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாது. அதில் பழகிய ஒருவர் கிளாக்கை எடுத்து, மேகசினைக் கழற்றிவிட்டோம், இனி சுடாது என்று நினைத்தால்? சுடும். கிளாக்கை அக்கக்காகப் பிரிக்க வேண்டுமானால் முதலில் டிரிகரை அழுத்தியே ஆக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் அழுத்துகிறவன் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே சேஃப்டியைப் போடுங்கள், தப்பில்லை. அது போட்டிருக்கிறது என்பதற்காக வேறு எதையும் செய்யாமல் விடாதீர்கள்.

ஜனவரி 12, இரவு 9.15

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்கிறார்: "சரி அண்ணே, வீட்டில் டிரை ஃபயர் செய்யும்போது என்னை யார் வந்து சோதிப்பார்கள்? அங்கே நான் மட்டும்தானே?"

நல்ல கேள்வி. வீட்டில்தான் அந்தப் பெரியவரை உங்களுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

டிரை ஃபயர் என்றால் தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகுவது. சுடுவதில் முக்கால்வாசியும் அதில்தான் இருக்கிறது. டிரிகரை அழுத்தும் கணத்தில், துப்பாக்கி முனையில் குறிபார்க்க இருக்கும் முன்சைட் துள்ளுகிறதா, மணிக்கட்டு இறங்குகிறதா என்று சத்தமும் அதிர்வும் இல்லாமல் பார்க்கலாம். தினமும் இருபது நிமிடம் சுவரில் வெள்ளைக் காகிதம் ஒட்டி அழுத்துங்கள், மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். எல்லாத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும், ஒன்றும் கெட்டுப்போகாது.

என் விதி இது. தோட்டா இருக்கும் அறையில் டிரை ஃபயர் கிடையாது. தோட்டாவை வேறு அறையில் பூட்டிவிட்டுத்தான் துப்பாக்கியை எடுப்பேன். காகிதத்துக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்க வேண்டும், கதவோ ஜன்னலோ கூடாது. போன் அடித்தால் எடுக்க மாட்டேன். எடுத்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. திரும்பி வந்து "எங்கே விட்டேன்?" என்று தொடரும் அந்த ஒரு அழுத்தல்தான் ஆபத்து. பயிற்சியை முடித்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்வேன். முடித்துத் தோட்டாவையும் நிரப்பிவிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று அழுத்தியவர்களின் கதைகள் உலகம் முழுக்க இருக்கின்றன.

ஜனவரி 13, காலை 5.50

திருத்தம். நேற்று இரவு "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று எழுதிவிட்டேன். தப்பு. படித்துவிட்டு யாராவது செய்து பார்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்ததும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்பிரிங் விசையில் காற்றைத் தள்ளிச் சுடும் ஏர் ரைஃபிளில், அதன் சிறு குண்டான பெல்லெட் இல்லாமல் அழுத்தக் கூடாது. உள்ளே பிஸ்டன் பாய்ந்து வரும்போது பெல்லெட்டுக்குப் பின்னால் அடைபட்ட காற்றுதான் அதற்கு மெத்தை. பெல்லெட் இல்லையென்றால் காற்று அப்படியே வெளியேறிவிடும், பிஸ்டன் போய்ச் சிலிண்டரின் முகப்பில் நேராக மோதும். சீல் கிழியும், ஸ்பிரிங் முறியும்.

பாயிண்ட் டூ டூ ரிம்ஃபயரிலும் பலவற்றில் கூடாது. அதில் ஃபயரிங் பின் என்ற ஊசி தோட்டாவின் விளிம்பைத் தட்ட வேண்டும். தோட்டா இல்லாதபோது சேம்பரின் ஓரத்தையே தட்டும். நாளடைவில் அங்கே பள்ளம் விழுந்து, தோட்டா ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். டம்மி போட்டுப் பழகுங்கள், இல்லையென்றால் அந்தத் துப்பாக்கியின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். போட்டிக்கான காற்றழுத்தத் துப்பாக்கிகளில் டிரை ஃபயருக்கென்றே தனி அமைப்பு வைத்திருப்பார்கள். கவலையில்லாமல் அழுத்தலாம்.



  

ஜனவரி 14, இரவு 8.30

விரலைப் பற்றி இரண்டு வார்த்தை. மேலே எழுதியதெல்லாம் காலியா, நிறைந்ததா என்பது. விரல் அதைவிடப் பெரிய விஷயம் என்று இன்று பயிற்சியில் தோன்றியது.

மேத்யூ எம்மன்ஸ் என்ற அமெரிக்கர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலை இறுதிச் சுற்று. கடைசிக் குண்டுக்கு முன் மூன்று புள்ளி முன்னிலை. சுமாராகச் சுட்டாலே தங்கம். சுட்டார், திரையில் எதுவும் வரவில்லை. இரண்டாம் தடத்தில் நின்றவர் மூன்றாம் தடத்துக் குறியைச் சுட்டிருந்தார். பூஜ்யம். எட்டாம் இடம். தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்குப் போயிற்று.

இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு 2008 தான் முக்கியம். பெய்ஜிங், அதே போட்டி, மறுபடியும் கடைசிக் குண்டு, மறுபடியும் முன்னிலை. குறியின் மையத்துக்கு இறங்கிவரும்போதே விரல் டிரிகரைத் தொட்டுவிட்டது. 4.4. தங்கத்திலிருந்து நான்காம் இடம். உலகத்தின் தலைசிறந்த விரல்களில் ஒன்று அது. பல்லாயிரம் மணி நேரம் பழகிய விரல். அதுவே மனசு சொல்லுமுன் தொடும் என்றால், உங்கள் விரலும் என் விரலும் டிரிகரைச் சுற்றியுள்ள வளையமான டிரிகர் கார்டுக்கு வெளியே நீட்டி நிற்பதைத் தவிர வேறு வழி உண்டா? அவர் 2012 லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். அன்று நான் கைதட்டியதில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன என்று கேட்டார்.

போட்டி ரைஃபிளின் டிரிகரை நேரில் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக: 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்று விதி. ரைஃபிளுக்கு அந்தக் கீழ் எல்லை கிடையாது. 100 கிராமுக்கும் கீழே வைத்துக்கொள்வோர் நிறையப் பேர். ஒரு பெருமூச்சு விடும் அழுத்தம்.

ஜனவரி 14, இரவு 10.40

ஆமாம், டாகாச் பற்றிக் கேட்டவருக்கு. கரோய் டாகாச், ஹங்கேரி ராணுவத்தவர். 1938-ல் பயிற்சியில் கையெறிகுண்டு வெடித்து வலது கை போயிற்று. சுட்டுப் பழகிய கை அதுதான். இடது கையால் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். போரினால் 1940, 1944 ஒலிம்பிக் நடக்கவில்லை. 1948 லண்டனில் வேகமாகச் சுடும் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் தங்கம். 1952 ஹெல்சின்கியில் மறுபடி தங்கம். விரல் வலிக்கிறது, இன்று லீவு என்று எனக்கு நானே சொல்லும் நாட்களில் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஜனவரி 16, காலை 7.00

இரண்டு நாளாக இந்த உரையாடல் எங்கெங்கோ போய்விட்டது. குறி தவறியதற்கு ஆளாளுக்கு எழுதிய சாக்குப்போக்குகளின் பட்டியலைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. "பெல்லெட் டப்பாவை மாற்றிவிட்டார்கள்", "கண்ணாடி பழசு", "பக்கத்துத் தடத்தில் நிற்பவர் மூச்சு விடுகிறார்". நான்கு சுவருக்குள் நடக்கும் 10 மீட்டர் போட்டியில் காற்று அடித்தது என்று சொன்ன நண்பருக்கு என் முழு ஆதரவு உண்டு. 10 மீட்டர் ரைஃபிள் குறியில் பத்துப் புள்ளி என்பது 0.5 மில்லிமீட்டர் குறுக்களவு. பெல்லெட்டோ 4.5 மில்லிமீட்டர். தன்னைவிட ஒன்பது மடங்கு சிறிய புள்ளியைத் தேடிப் போகிற பெல்லெட்டுக்குத் தும்மலும் புயல்தான்.

ஜனவரி 16, இரவு 9.20

இப்போது சட்டம். "எங்கள் நாட்டில் ஏர் ரைஃபிளுக்கு உரிமமே வேண்டாம். சட்டமே துப்பாக்கி என்று சொல்லாததை நீங்கள் ஏன் துப்பாக்கி என்கிறீர்கள்?" என்று ஒருவர்.

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். சட்டம் எங்கேயோ ஒரு கோடு போட்டாக வேண்டும். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு இடத்தில் போட்டிருக்கிறது. ஜெர்மனியில் குண்டின் ஆற்றல் 7.5 ஜூல்வரை. அதற்குள் இருந்து, ஐங்கோணத்துக்குள் எஃப் முத்திரை குத்தியிருந்தால், பதினெட்டு வயது நிரம்பியவர் உரிமமில்லாமல் வாங்கலாம். பிரிட்டனில் ஏர் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல். பிஸ்டலுக்கு அதில் பாதி. அதே பிரிட்டனுக்குள் ஸ்காட்லாந்தில் 2016 கடைசி நாளிலிருந்து அதற்கும் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 20 ஜூல் என்ற எல்லை. ஒரே ரைஃபிள் எல்லையைத் தாண்டிப் பயணம் செய்தால் ஓரிடத்தில் விளையாட்டுப் பொருள், இன்னோரிடத்தில் ஆயுதம். ரைஃபிள் மாறவில்லையே.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். போட்டி பெல்லெட் எடை சுமார் 0.53 கிராம். குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு 170 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையில் பாதி, வேகத்தின் இருபடி. 0.00053-ல் பாதியை 28,900-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 7.7 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஒரு கண்ணைப் பறிக்க 7.7 ஜூலில் சிறு பங்கே போதும். உரிமம் வேண்டாம் என்று எழுதியிருக்கும் தாளைக் கண் மருத்துவரிடம் காட்டி என்ன செய்வது?

உரிமம் தேவைப்படாதவருக்கு யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை. அதுதான் எனக்கு உண்மையான பயம். உரிமம் வாங்கப் போகிறவருக்கு எங்காவது ஒருவர் வகுப்பெடுப்பார். ஏர் ரைஃபிள் நேராக வீட்டுக்கு வந்துவிடும்.

ஜனவரி 16, இரவு 9.55

குழலை ஒடித்து நிரப்பும் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, மறந்துவிடுமுன். பெல்லெட் வைக்கும்போது மறு கை குழலைப் பிடித்தபடியே இருக்கட்டும். உள்ளே கொக்கி வழுகினால் குழல் படாரென்று மேலே மூடும். நடுவில் இருப்பது உங்கள் கட்டைவிரல்.

ஜனவரி 18, இரவு 11.10

கடுமையான சட்டம் நல்லவர்களைத்தான் கட்டிப்போடுகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். முன்பு நானும் அப்படித்தான் பேசினேன். 1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு 1997-ல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்தது. போட்டி வீரர்கள் பிஸ்டல் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று. அவர்களுக்காக எனக்கு வருத்தம் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன்னால் நின்று என் பிஸ்டலுக்காக வாதாட என்னால் முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் என் நெஞ்சில் இருக்கின்றன. இதற்கு மேல் எனக்குத் தெளிவு இல்லை.

பூட்டி வைக்கும் சட்டங்களைப் பற்றி மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஜப்பானில் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, தோட்டாவுக்கு வேறு பெட்டி, போலீஸ் வந்து சோதிக்கும். ஜெர்மனியில் எந்தத் தரத்து இரும்புப் பெட்டி என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்லை என்பார்கள். தொல்லையாகவே இருக்கட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். என் அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. பெட்டிச் சாவியை நான் அலமாரிக்கு மேலே, பழைய புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஓடி வந்து, "மாமா, உங்க சாவி கீழே விழுந்திருந்தது" என்று என் கையில் கொடுத்தான். சாதாரணமாக, விழுந்த பேனாவை எடுத்துக் கொடுப்பதுபோல. எந்தச் சாவி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கே இருக்கும் என்பதும் தெரிந்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ரொம்ப நாளா" என்றான்.

அன்றே எண் பூட்டு மாற்றினேன். சேம்பரை மூடும் பாகமான போல்ட்டைக் கழற்றி வேறு அறையில், தோட்டாவை இன்னோர் அறையில் வைத்தேன். பிறகு அவனை உட்காரவைத்துத் துப்பாக்கியைத் திறந்து காட்டினேன். எங்கேயாவது இதைப் பார்த்தால் தொடாதே, அங்கே நிற்காதே, பெரியவர்களிடம் ஓடிப் போய்ச் சொல் என்று மூன்று தடவை சொல்லவைத்தேன். பார்க்க ஆசையாக இருந்தால் என்னிடம் கேள், எப்போது கேட்டாலும் காட்டுகிறேன் என்றேன். நான்கைந்து தடவை கேட்டான், காட்டினேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டான்.

ஜனவரி 19, பகல் 12.30

கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வீடியோவை இங்கே யார் போட்டது? தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மேலே போன குண்டு எங்கேயோ இறங்கத்தான் வேண்டும். குட்டியூண்டு பாயிண்ட் டூ டூ தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது என்பது முதல் நாள் பாடம். வானத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் கொண்டாட்டத் துப்பாக்கிச்சூட்டுக்கென்றே தனிப்பிரிவு வந்துவிட்டது. இரண்டு வருடம்வரை சிறை, அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அதே திருத்தத்தில்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. இரண்டாவதைப் பற்றி நம் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். முதலாவதைப் பற்றியும் பேசுங்கள்.

ஜனவரி 20, இரவு 9.00

ஜனவரி 12 குறிப்புக்கு ஒரு திருத்தம், ஒரு பழைய நண்பர் சுட்டிக்காட்டியது. மேகசினைக் கழற்று, சேம்பரைப் பார் என்று எழுதினேன். குழலுக்கு அடியில் நீளக் குழாயாக மேகசின் உள்ள ரைஃபிள்களில் கழற்ற என்ன இருக்கிறது? அவற்றில் குழாயைத் திறந்து, கவிழ்த்து, உள்ளே ஸ்பிரிங்குக்கு அடியில் ஒன்றும் சிக்கவில்லை என்று பார்த்து, அதன் பிறகு போல்ட்டைப் பலமுறை இயக்க வேண்டும். கடைசித் தோட்டா, அதைச் சேம்பருக்கு ஏற்றும் தூக்கியில் ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். நன்றி அண்ணே.

அவரே இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார். டிரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். குழல் குறியைப் பார்த்தபடி குறைந்தது முப்பது நொடி அப்படியே நில்லுங்கள். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்வது உண்டு. வழக்கத்தைவிட மெலிந்த சத்தம், "புஸ்" என்று மட்டும் கேட்டது என்றால் அதோடு நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டாவை எடுத்துவிட்டு, குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த குண்டு.

ஜனவரி 22, இரவு 10.15

கேள்வி கேட்ட தம்பி இன்று தனிச்செய்தி அனுப்பினார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். இன்று பெட்டி கட்டும்போது பெரியவர் வருமுன் தானே ஸ்லைடைத் திறந்து மேசையில் வைத்தாராம். பெரியவர் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். "ஒன்றுமே சொல்லவில்லை அண்ணே" என்று எழுதியிருக்கிறார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. என்னிடம் அவர் முதல் ஆறு வருடம் ஒன்றும் சொல்லவில்லை தம்பி.

ஜனவரி 23, காலை 6.40

சேஃப்டி கொடி பற்றிய கடைசிக் கேள்விக்கு. சேம்பரில் செருகி வைக்கும் அந்தக் கலர் பிளாஸ்டிக்தான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் உள்ளே தோட்டா இல்லை என்று தெரிய வேண்டும், அதற்காக. காற்றழுத்தத் துப்பாக்கிக்குக் குழல் முழுக்க ஓடி இரு முனையிலும் வெளியே நீட்டும் கயிறு வேண்டும். குட்டையாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் ஆரஞ்சு நைலான் நரம்பு அருமையாகப் பொருந்தும், குழலைக் கீறாது. குழல் நீளத்தோடு முன்னால் நான்கு விரல், பின்னால் நான்கு விரல் சேர்த்து அளந்து வெட்டுங்கள். முனையை நெருப்பில் லேசாகக் காட்டி உருட்டிவிட்டால் பிசிறு இருக்காது. என்னிடம் ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது. போட்டிக்கு வருகிறவர்கள் யாராவது கொடியை மறந்துவிட்டால் என்னிடம் கேளுங்கள், வெட்டித் தருகிறேன்.